ட, ப, ம: பெங்களூரு வீட்டில் விளையாட்டாகத் தமிழ் எழுத்து

என் மகளுக்கு ஆறு வயது. வீட்டில் வாய் ஓயாமல் தமிழ் பேசுவாள். ஆனால் சேலத்திலிருந்து பாட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பும் இரண்டு வரியை, "அம்மா, படிச்சுக் காட்டு" என்று என்னிடம் நீட்டுவாள். பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் உண்டு, தமிழ் இல்லை. அதை நாம்தான் வீட்டில் கொடுக்க வேண்டும்.

முதலில் சுவரில் அட்டவணை ஒட்டி அ, ஆ என்று வரிசையாகத்தான் ஆரம்பித்தேன். ஔ வரை வந்தும் அவளால் ஒரு சொல்லைக்கூடப் படிக்க முடியவில்லை. வெறும் உயிரெழுத்தை வைத்துக்கொண்டு குழந்தை எதைப் படிக்கும்? அட்டவணையைக் கழற்றினேன். பேச்சுத் தமிழ் வாயில் இருக்கும் பிள்ளைக்குச் சொல் ஏற்கெனவே தெரியும். அந்தச் சொல்லை உடனே கட்டித் தரும் எழுத்துகளைத்தான் முதலில் கொடுக்க வேண்டும். கீழே இருப்பது நாங்கள் போன வழி.

படி 1: பொருள்கள்

ஒரு தட்டில் ரவை, பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகள், ஒரு ஸ்கெட்ச் பேனா, ஒரு கைப்பிடி புளியங்கொட்டை. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் கொட்டை வேண்டாம், வாயில் போட்டுக்கொள்ளும். சாக்பீஸால் புள்ளி வையுங்கள், போதும்.

படி 2: மூன்றே எழுத்து

ரவைத் தட்டில் விரலால் மேலிருந்து கீழே ஒரு கோடு, அங்கிருந்து வலப்பக்கம் ஒரு கோடு. அது ட. அதே கோட்டைத் தூக்காமல் மேலே இழுத்தால் ப. ப-வின் முடிவை உள்நோக்கி வளைத்தால் ம. ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பதைக் குழந்தை கண்ணாலேயே பார்க்கும்.

ஒவ்வோர் எழுத்துக்கும் மூன்று அட்டை எழுதுங்கள். இனிப் புளியங்கொட்டைக்கு வேலை. ம அட்டையின் தலையில் ஒரு கொட்டையை வைத்தால் ம். ப, ட, ம் என்று அடுக்கினால் படம். நடுவில் இன்னொரு ட அட்டை, அதன் தலையில் ஒரு கொட்டை: பட்டம். மெய்யெழுத்து என்றால் என்ன என்று விளக்கவே வேண்டியதில்லை. கொட்டையை எடுத்தால் ஒலி நீளும், வைத்தால் நிற்கும்.

படி 3: க, ல சேருங்கள்

இந்த ஐந்து எழுத்தில் எவ்வளவு கிடைக்கிறது பாருங்கள்: கல், பல், கடல், பகல், கப்பல், கம்பம், பக்கம், கட்டம். எங்கள் வீட்டில் ஓடும் ஆட்டம், ஒரே ஓர் அட்டையை மாற்றி வேறு சொல்லாக்குவது. படம் மடமாகும், மடம் கடமாகும், கல் பல்லாகும். நான் வேண்டுமென்றே கொட்டையை இடம் மாற்றி வைப்பேன். அவள் கண்டுபிடித்தால் அடுத்த சொல் அவள் வைப்பது. ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிஷம் போதும். "இன்னும் ஒண்ணு" என்று அவள் கேட்கும்போதே நிறுத்திவிடுவேன்.

படி 4: "ga எங்கே?" என்ற கேள்வி வரும்

கன்னடம் படிக்கும் பிள்ளை இதைக் கட்டாயம் கேட்கும். அங்கே வல்லின ஒலிக்கு ஓர் எழுத்து, மெல்லிய ஒலிக்கு வேறோர் எழுத்து. தமிழில் ஒரே க. இதைக் குறை என்று சொல்லிவிடாதீர்கள். ஒழுங்கு இருக்கிறது, அதைக் காட்டுங்கள். கப்பல் என்ற சொல்லின் முதலில் வரும் க அழுத்தமாக ஒலிக்கிறது. பக்கம் என்று இரட்டித்தாலும் அழுத்தம்தான். பகல் என்று நடுவில் தனியாக வந்தால் மெலிகிறது. படம், பட்டம் இரண்டையும் மாறி மாறிச் சொல்லச் சொல்லுங்கள். கப்பலில் இருக்கும் ப-வும் கம்பத்தில் இருக்கும் ப-வும் ஒலியில் வேறு வேறு என்பதை அவர்களே கேட்டுப் பிடிப்பார்கள். "நீ வழக்கமா எப்படிச் சொல்லுவியோ அப்படியே படி" என்றால் போதும், நாக்குக்கு வழி தெரியும்.

படி 5: ப-ஹ வேட்டை

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், பெங்களூரில் வளரும் பிள்ளைக்கு மட்டும் வாய்த்த விளையாட்டு. தமிழில் ப-வில் தொடங்கும் பல சொற்கள் கன்னடத்தில் ஹ-வில் தொடங்கும். பால், ஹாலு. பல், ஹல்லு. பத்து, ஹத்து. புலி, ஹுலி. பாம்பு, ஹாவு. பூ, ஹூவு. பழைய கன்னடத்தில் இவையும் ப-வில்தான் தொடங்கின, பிற்பாடு ஹ ஆயின. நான் ஹ சொல்வேன், அவள் ப சொல்ல வேண்டும். எல்லாச் சொல்லுக்கும் இது பொருந்தாது. பொருந்தாததைக் கண்டுபிடித்தால் அவளுக்கு இரண்டு புளியங்கொட்டை.

பஸ்ஸில் போகும்போதும் ஆடலாம். மாரத்தஹள்ளி, பொம்மனஹள்ளி என்ற பெயர்களில் வரும் ஹள்ளிதான் நம் திருச்சிராப்பள்ளியில் இருக்கும் பள்ளி. இதைச் சொன்ன அன்று அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்டாப்பையும் தமிழாக்கிக்கொண்டே வந்தாள். பக்கத்தில் இருந்த கன்னடப் பாட்டியம்மாவும் சேர்ந்துகொண்டார். தமிழ் கற்பதால் கன்னடம் குறைந்துவிடும் என்று பயப்படும் பெற்றோருக்கு நான் சொல்வது இந்த ஆட்டத்தைத்தான்.

படி 6: கல்லுக்குக் கால்

ா என்ற குறியை நாம் கால் என்கிறோம். அதைத் தனி அட்டையில் எழுதுங்கள். கல் என்ற சொல்லில் க-வுக்குப் பக்கத்தில் அதை வைத்தால் கால். பல் பாலாகும், படம் பாடமாகும், பலம் பாலமாகும்.

அடுத்து ி. அதைக் கேட்டு வாங்கியவள் அவளேதான், "பாட்டி" எழுத வேண்டும் என்று. பிறகு ீ, ு, ூ. உகரக் குறிகள் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறும், ஆகவே மெதுவாகப் போங்கள். ெ, ே, ை மூன்றும் எழுத்துக்கு முன்னால் எழுதி, பின்னால் ஒலிப்பவை. குழப்பம் அங்கேதான், கடைசியில் வையுங்கள்.

247 எழுத்து என்று யாரும் குழந்தையை மிரட்ட வேண்டாம். 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம், சில குறிகள். மீதி 216 உயிர்மெய்யும் இவற்றின் சேர்க்கைதான்.

படி 7: படிக்க என்ன கொடுப்பது?

நம் ஊரைச் சேர்ந்த பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் படக்கதைகள் இலவசம். மொழியைத் தமிழ் என்றும், நிலையை 1 என்றும் தேர்ந்தெடுங்கள். பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரிதான் இருக்கும். ஒரே கதை பல மொழிகளில் கிடைப்பதால், கன்னடத்தில் அவள் எனக்குப் படிப்பாள், தமிழில் நான் அவளுக்கு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்திலும் தொடக்கநிலைப் பாடங்கள் உண்டு. தமிழ்நாட்டு ஒன்றாம் வகுப்புப் பாடநூலை இணையத்தில் இறக்கி, வேண்டிய பக்கத்தை மட்டும் அச்சடித்துக்கொள்ளலாம்.

வெளியே போக வேண்டுமென்றால் அல்சூர். ஏரிக்கரையில் 2009-இல் திறந்த திருவள்ளுவர் சிலை, அருகிலேயே பெங்களூர்த் தமிழ்ச் சங்கம். போகும் வழியில் கடைப் பலகைகளில் தமிழ் கண்ணில் பட்டால் நின்று படிக்க விடுங்கள், அவசரப்படுத்தாதீர்கள்.

படிக்கும்போது ஒரு சொல்லில் தடுக்கினால் நான் சொல்லைச் சொல்லிவிடுவதில்லை. முதல் எழுத்தை மட்டும் விரலால் தொட்டுக் காட்டிவிட்டுக் காத்திருப்பேன். பாட்டிக்கும் சொல்லிவைத்திருக்கிறேன்: இனி அவளுக்கு அனுப்புவதெல்லாம் ஒரே வரி, பெரிய எழுத்தில், அவளுக்குத் தெரிந்த எழுத்துகளில். இன்று காலை வந்தது, "பால் குடி".