உங்க ஹோம்ஸ்டே லிஸ்டிங்க ஒருத்தன் அப்படியே காப்பி அடிச்சிருக்கானா? இந்த தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

பெங்களூர்ல லால்பாக், வில்சன் கார்டன், ஜெயநகர் சுத்தி ஷார்ட் ஸ்டேக்கு வீடு விடற நம்ம தமிழ் ஆளுங்க நிறைய பேர் இருக்காங்க. நிம்ஹான்ஸ், கித்வாய்னு ஆஸ்பத்திரிக்கு தர்மபுரி, சேலம், வேலூர்லேந்து வர்ற குடும்பங்க ஒரு பக்கம், லீவுக்கு ஊர் சுத்த வர்றவங்க ஒரு பக்கம், ஜனவரி 26, ஆகஸ்ட் 15 ஒட்டி லால்பாக் ஃப்ளவர் ஷோ வந்துட்டா ரூமே கிடைக்காது. இதுல ஒரு லிஸ்டிங் (புக்கிங் சைட்ல போடற வீட்டு விளம்பரம்) நல்லா ஓடுதுன்னு தெரிஞ்சா போதும், போட்டோ, விவரம், ஹவுஸ் ரூல்ஸ், சில சமயம் பேரையும் சேத்து தூக்கி தன் லிஸ்டிங்ல போட்டுக்கறவன் ஒருத்தன் வந்துடறான். புதுசா ஹோஸ்ட் ஆனவங்க பதறிப்போய் போன் பண்றாங்க, என்ன பண்ணீங்கன்னு கேட்டா நாங்கல்லாம் ஆரம்பத்துல பண்ணின அதே தப்பு, வரிசை கூட மாறல. வாட்டர்மார்க் போடுங்க, கஸ்டமர் கேர்ல கத்தாதீங்க மாதிரி எல்லாருக்கும் தெரிஞ்சத நான் எழுதப் போறதில்ல. காசு போற தப்புங்கள மட்டும் சொல்றேன்.

எல்லாமே என்னோடதுன்னு கம்ப்ளைண்ட் எழுதறது

வெள்ளை கர்ட்டன், பால்கனில ரெண்டு மூங்கில் சேர், கிச்சன்ல ஃபில்டர் காபி செட், ஏழு நாள் தங்கினா டிஸ்கவுண்ட். இதெல்லாம் பாத்து அவனும் பண்ணிட்டான்னு வயிறு எரியும், நியாயம்தான், ஆனா இதுல எதுவும் காப்பிரைட்ல வராது. ஐடியாவுக்கு காப்பிரைட் கிடையாது, அத நீங்க எப்படி எழுதினீங்க, எப்படி எடுத்தீங்கங்கறதுக்குத்தான் பாதுகாப்புன்னு 1978-லயே சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு. அதனால உங்க கையில இருக்கறது ரெண்டே விஷயம், நீங்க எடுத்த போட்டோ, நீங்க எழுதின வாக்கியம். 1957 காப்பிரைட் சட்டப்படி அது ரெண்டும் உருவான நிமிஷமே உங்களோடது, ரிஜிஸ்டர் பண்ணியே ஆகணும்னு இல்ல.

கம்ப்ளைண்ட்ல பக்கம் பக்கமா அழாம, "என் லிஸ்டிங்ல மூணாவது போட்டோ, அவர் லிஸ்டிங்ல முதல் போட்டோ" அப்படின்னு ஜோடி ஜோடியா எழுதுங்க. மத்ததெல்லாம் சேத்தா படிக்கறவங்க இது வெறும் தொழில் போட்டின்னு நினைச்சு ஓரமா வச்சிடுவாங்க.

போன் போட்டு திட்டறது

இத பத்தி கொஞ்சம் நிறையவே எழுதணும், ஏன்னா இன்னைக்கும் யாராவது "நான் அவனுக்கு போன் பண்ணி நல்லா குடுத்துட்டேன்"னு சந்தோஷமா சொன்னா எனக்கு கோவம்தான் வருது.

தங்கவயல்லேந்து வந்து இங்க செட்டில் ஆன ஒரு அக்கா, சொந்த வீட்டு மாடில ரெண்டு ரூம் விடறாங்க. லால்பாக் வெஸ்ட் கேட்லேந்து நடந்து வந்துடலாம், மெட்ரோ ஸ்டேஷனும் அங்கேயேதான், அத அவங்க லிஸ்டிங்ல அழகா எழுதியிருந்தாங்க, எந்த கேட்ல இறங்கணும், ராத்திரி லேட்டா வந்தா எந்த வழியா வரணும் எல்லாம். ஒரு நாள் அதே வாக்கியங்க வேற ஒருத்தன் லிஸ்டிங்ல இருந்துச்சு. அவன் வீடு பனசங்கரி தாண்டி எங்கயோ இருக்கு, ஆனா விவரத்துல "வெஸ்ட் கேட்லேந்து நடக்கற தூரம்". போட்டோவும் அக்காவோடதுதான், ஆனா இடம் வலமா திருப்பிப் போட்டிருந்தான். போட்டோ தேடல்ல சீக்கிரம் மாட்டக்கூடாதுன்னு இப்படி திருப்பறது இவங்க வழக்கம். சுவத்துல மாட்டியிருந்த தினசரி காலண்டர்ல எழுத்தெல்லாம் கண்ணாடில பாக்கற மாதிரி திரும்பி இருந்துச்சு, அத வச்சுத்தான் அக்காவே கண்டுபிடிச்சாங்க.

இவ்வளவு நல்ல ஆதாரம் இருந்தா யாரா இருந்தாலும் ஜெயிக்கணும். ஆனா அக்கா ஒரு ஸ்கிரீன்ஷாட் கூட எடுக்காம நேரா போன். "நல்லா கேட்டுட்டேன் தம்பி, காலண்டர கூட மாத்தாம போட்டிருக்கியேடான்னு கேட்டேன், ஆடிப்போயிட்டான், ரெண்டு நாள்ல எடுத்துடறேன்னான்." அன்னைக்கு ராத்திரியே அவன் எடுத்தது அந்த காலண்டர் போட்டோ ஒண்ணத்தான். பனசங்கரிய வெஸ்ட் கேட்னு சொன்ன வரியையும் மாத்திட்டான். மத்த போட்டோவெல்லாம் அப்படியே இருந்துச்சு. போன்ல நாம சொல்ற ஒவ்வொரு பாயிண்டும் எத முதல்ல அழிக்கணும்னு அவனுக்கு நாமளே எழுதிக் குடுக்கற லிஸ்ட், அது ஏன் யாருக்கும் புரிய மாட்டேங்குதுன்னு தெரியல.

அதோட விட்டிருந்தா பரவால்ல. அக்காவுக்கு எங்க எப்படி கம்ப்ளைண்ட் பண்றதுன்னு தெரியாதுங்கறதும் அந்த பேச்சுலயே அவனுக்கு தெரிஞ்சு போச்சு. அவன் முந்திக்கிட்டான். மிச்சம் இருந்த போட்டோவெல்லாம் தன்னோடது, அந்த அம்மாதான் திருடிட்டாங்கன்னு அந்த புக்கிங் சைட்டோட காப்பிரைட் ஃபார்ம்ல போட்டுட்டான். ஆகஸ்ட் ஆரம்பம், ஃப்ளவர் ஷோவுக்கு புக்கிங் வர்ற நேரம், அக்காவோட லிஸ்டிங் இறங்கிடுச்சு.

இது எப்படி நடக்கும்னு கேக்காதீங்க, அந்த முறையே அப்படித்தான். அந்த சைட் ஃபாலோ பண்றது அமெரிக்கால 1998-ல வந்த டிஎம்சிஏங்கற காப்பிரைட் சட்டத்த, அதுபடி கம்ப்ளைண்ட்ல இருக்க வேண்டிய விவரமெல்லாம் இருந்துச்சுன்னா சைட்காரங்க முதல்ல இறக்கிடுவாங்க, யாரோடதுன்னு விசாரிச்சு தீர்ப்பு சொல்றது அவங்க வேலை இல்ல. அப்பறம் நீங்க இது என்னோடதுதான்னு எதிர் நோட்டீஸ் குடுக்கணும், அது போய் சேந்து 10-லேந்து 14 வேலை நாள் வரைக்கும் காத்திருக்கணும், அதுக்குள்ள அவன் கோர்ட்டுக்கு போகலன்னாதான் திரும்ப ஏத்துவாங்க. வேலை நாள்னா சனி ஞாயிறு சேராது. கணக்கு போட்டு பாருங்க, சீசனே போயிடும். போச்சு.

எதிர் நோட்டீஸ் எழுத உக்காந்தா அடுத்த பிரச்சனை, ஒரிஜினல் போட்டோ இல்ல. போன் மாத்தியாச்சு, பழசு எக்ஸ்சேஞ்ச்ல போயிடுச்சு. கடைசில அவங்க அக்கா பையன் மெயில்ல அட்டாச் பண்ணி அனுப்பின பழைய ஃபைலுங்க கிடைச்சுது, தேதியோட. லிஸ்டிங் திரும்ப வந்துச்சு, ஆனா ஃப்ளவர் ஷோ முடிஞ்சு போச்சு, தேடினா முதல்ல வந்துக்கிட்டிருந்த வீடு ரொம்ப கீழ போயிடுச்சு, அது மேல வர்றதுக்கு மாசக்கணக்கு ஆச்சு. தப்பு பண்ணவன் ஒரு ரூபா இழக்கல.

அதனால காப்பி கண்ணுல பட்ட அன்னைக்கு வாய தொறக்காதீங்க. மெசேஜும் வேணாம். அவனோட முழு பக்கத்தையும் மேலேந்து கீழ வரைக்கும் ஸ்க்ரோல் பண்ணி ஸ்கிரீன் ரெக்கார்ட் எடுங்க, மேல அட்ரஸ் பார்ல லிஸ்டிங் நம்பர் தெரியணும், தேதி நேரமும் தெரியணும். அவன் ஹோஸ்ட் ப்ரொஃபைல், அவனுக்கு வந்த முதல் ரிவ்யூ எந்த மாசம், உங்களுக்கு வந்த முதல் ரிவ்யூ எந்த மாசம், இத தனியா எடுத்து வைங்க, யார் முதல்லங்கறதுக்கு ரிவ்யூ தேதி நல்ல சாட்சி. உங்க போட்டோவ கூகுள் லென்ஸ்ல போட்டுப் பாருங்க, திருப்பி வச்சும் ஒரு தடவ போடுங்க, ஒரு சைட்ல போட்டவன் நாலு சைட்ல போட்டிருப்பான். எந்த போன்ல, எந்த கம்ப்யூட்டர்ல இதெல்லாம் எடுத்தீங்களோ அத பத்திரமா வைங்க. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்‌ஷ்ய அதிநியம்ங்கற சாட்சிய சட்டம் 63-வது பிரிவுப்படி கோர்ட்ல எலக்ட்ரானிக் ஆதாரத்தோட சர்டிபிகேட் குடுக்கணும், அதுல எந்த டிவைஸ்னு கேப்பாங்க, ஃபைலோட ஹாஷ் வேல்யூவும் (ஃபைல் மாறலன்னு காட்டற, கைரேகை மாதிரி ஒரு கோடு) கேப்பாங்க.

இவ்வளவும் கையில வந்தப்பறம் சைட்டோட காப்பிரைட் ஃபார்ம்ல போடுங்க. ஹெல்ப் சாட்ல போய் புலம்பினா வேற டிபார்ட்மெண்டுக்கு போகும், அங்க இத பாக்க ஆள் இருக்காது. பதில் வரலன்னா சைட்டோட க்ரீவன்ஸ் ஆபீசருக்கு, அதாவது புகார் அதிகாரிக்கு எழுதுங்க. 2021 ஐடி (தகவல் தொழில்நுட்ப) ரூல்ஸ்படி அவர் பேரும் தொடர்பு விவரமும் சைட்ல போட்டிருக்கணும், 24 மணி நேரத்துல கிடைச்சுதுன்னு சொல்லணும், 7 நாள்ல முடிச்சுக் குடுக்கணும் (2026 பிப்ரவரிக்கு முன்னாடி 15 நாளா இருந்துச்சு). அவன்கிட்ட பேசணும்னா எல்லாம் முடிஞ்சப்பறம் பேசிக்கலாம்.

போட்டோ வாட்ஸ்அப்ல இருக்கேன்னு நினைக்கறது

போதாது. சாதாரணமா அனுப்பினா சைஸ் குறைஞ்சிடும், எடுத்த தேதி, கேமரா விவரமெல்லாம் போயிடும். ஒரிஜினல் ஃபைல மெயில்ல உங்களுக்கே அனுப்பி வைங்க.

போட்டோ யாரோடதுன்னு தெரியாம சண்டைக்கு போறது

அபார்ட்மெண்ட்ல வீடு வாங்கி ஸ்டே விடறவங்க நிறைய பேர் இத யோசிக்கறதே இல்ல. ஹால் போட்டோ பளபளன்னு இருக்கும், கேட்டா பில்டர் ப்ரோஷர்லேந்து எடுத்ததும்பாங்க. மாடல் ஃப்ளாட் போட்டோ அது, கீழ் ஃப்ளோர்காரனும் அதையே போடத்தான் செய்வான், அவன் உங்ககிட்டேந்து திருடல, ரெண்டு பேரும் பில்டரோடத எடுத்திருக்கீங்க. கம்ப்ளைண்ட் போட்டா ரெண்டு லிஸ்டிங்குக்கும் ஆபத்து.

காசு குடுத்து போட்டோகிராபர வச்சு எடுத்தீங்கன்னா, காப்பிரைட் சட்டத்துல 17-வது பிரிவுப்படி வேற ஒப்பந்தம் இல்லாத வரைக்கும் முதல் ஓனர் நீங்கதான். ஆனா ஃப்ரெண்டு சும்மா எடுத்துக் குடுத்தான்னா அது அவனோடது, உங்களுக்கு எழுதிக் குடுக்கணும். காசு குடுத்ததுக்கும் ஒரு பில்லு, "இந்த வீட்டு போட்டோவுக்கு"ன்னு ஒரு வரி, கட்டாயம் வாங்கி வைங்க. இன்னொண்ணு, வீட்ட பாத்துக்க மேனேஜர் வச்சிருக்கவங்க லிஸ்டிங்க அவர் அக்கவுண்ட்ல போட விடாதீங்க. நாளைக்கு அவர் பிரிஞ்சு போனா ரிவ்யூவெல்லாம் அவரோடயே போகும், அதே போட்டோவோட பக்கத்து தெருவுல கடை விரிப்பார். உங்க பேர்ல அக்கவுண்ட், அவர் கோ-ஹோஸ்ட், அப்படித்தான் இருக்கணும்.

பதிலுக்கு ஃபேக் ரிவ்யூ

வேணவே வேணாம். மாட்டினா உங்க அக்கவுண்ட்தான் போகும்.

மிரட்டறதுக்கு மட்டும் வக்கீல் நோட்டீஸ்

நெட்ல ஒரு மாடல் நோட்டீஸ் எடுத்து பேர மாத்தி அனுப்பிடறாங்க. ரெண்டு விஷயம் தெரிஞ்சுக்கிட்டு அனுப்புங்க. காப்பிரைட் சட்டம் 60-வது பிரிவுல, ஆதாரம் இல்லாம கேஸ் போடுவேன்னு மிரட்டினா மிரட்டப்பட்டவன் உங்க மேலயே கேஸ் போட்டு நஷ்ட ஈடு கேக்கலாம், நீங்க சொன்ன மாதிரி நிஜமாவே கேஸ் போட்டு நடத்தினா மட்டும்தான் அதுலேந்து தப்பிக்கலாம். ரெண்டாவது, 2013 காப்பிரைட் ரூல்ஸ்ல 75-வது ரூல். அதுபடி சைட்டுக்கு எழுதிக் குடுத்தா 36 மணி நேரத்துல அந்த பக்கத்த மறைக்கணும், 21 நாள் வரைக்கும் மறைச்சு வைக்கணும். கேக்க நல்லா இருக்கு, ஆனா அதே கடிதத்துல கோர்ட்ல கேஸ் போட்டு 21 நாளுக்குள்ள ஆர்டர் கொண்டு வந்து குடுப்பேன்னு நீங்க உறுதிமொழி குடுக்கணும். மாடல் நோட்டீஸ காப்பி பண்றவங்க இந்த வரிய படிக்காமலே கையெழுத்து போடறாங்க, 21 நாள் முடிஞ்சதும் அவன் லிஸ்டிங் திரும்ப வந்துடும், நீங்க சொன்ன வாக்கும் பொய்யாயிடும். ரெண்டு ரூம் விடறவங்களுக்கு சைட்டோட சொந்த ஃபார்மே போதும், தொடர்ந்து தொல்லை குடுக்கறவன்னா மட்டும் இந்த ரூட்டுக்கு வக்கீலோட போங்க.

பேர சும்மா விட்டு வைக்கறது

"லால்பாக் வியூ ஸ்டே" மாதிரி பேர் வச்சிட்டு அவனும் வச்சிட்டான்னு வருத்தப்பட்டா என்ன பண்றது, ஊர் பேரையும் விவரத்தையும் சேத்து வச்ச பேருக்கு ட்ரேட்மார்க் கிடைக்கறது கஷ்டம். கொஞ்சம் தனியா நிக்கற பேரா வச்சு ட்ரேட்மார்க்குக்கு 43-வது கிளாஸ்ல போடுங்க, தங்கற இடம் குடுக்கற சர்வீஸ் அதுலதான் வரும். கர்நாடகாவுக்கு சென்னை ரிஜிஸ்ட்ரிதான், ஆன்லைன்லயே போடலாம், கிடைச்சா 10 வருஷம், அப்பறம் புதுப்பிச்சுக்கலாம். போட்டோவ மாத்திட்டு பேர மட்டும் விடாம பிடிச்சுக்கறவன அப்ப இத வச்சு மடக்கலாம்.

ஏமாந்து வந்து நிக்கற கெஸ்ட வாசல்லயே அனுப்பிடறது

சில பேர் காப்பி அடிச்சு ரூம் விடறது கூட இல்ல, உங்க போட்டோவ காட்டி அட்வான்ஸ் வாங்கிட்டு ஓடிடறான். ராத்திரி பதினோரு மணிக்கு பெட்டியோட, சில சமயம் பேஷண்ட கூட்டிக்கிட்டு ஒரு குடும்பம் உங்க வாசல்ல வந்து நிக்கும், கோவத்துல "எங்களுக்கு சம்பந்தம் இல்ல"ன்னு கதவ சாத்தாதீங்க. அவங்களும் ஏமாந்தவங்கதான், அவங்க ஊருக்கு போய் உங்க வீட்டு போட்டோவ காட்டித்தான் திட்டுவாங்க. உள்ள உக்கார வச்சு முதல்ல சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930-க்கு போன் பண்ண சொல்லுங்க, எவ்வளவு சீக்கிரம் பண்றாங்களோ அந்த பணத்த பேங்க்ல நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு இருக்கு, அப்பறம் சைபர் க்ரைம் போர்ட்டல்லயும் பதிவு பண்ணலாம். வேற ஆளா நடிச்சு கம்ப்யூட்டர் மூலமா ஏமாத்தறது ஐடி சட்டம் 66டி-ல வரும், 3 வருஷம் வரைக்கும் ஜெயில். அவங்க சம்மதத்தோட அந்த யுபிஐ ஐடி, அவன் பேசின நம்பர், சாட், பணம் போன ஸ்கிரீன்ஷாட் எல்லாத்தையும் ஒரு காப்பி வாங்கிக்கங்க, உங்க கம்ப்ளைண்டுக்கு அத விட நல்ல ஆதாரம் கிடைக்காது. ரூம் காலியா இருந்தா அன்னைக்கு ராத்திரி தங்க வச்சிடுங்க, காசு பத்தி காலைல பேசிக்கலாம்.