வண்டி மேல ஃபைன் இருக்கா? ஈ-சலான் (ஆன்லைன் டிராஃபிக் ஃபைன் நோட்டீஸ்) பாக்குறது, கட்டுறது எப்படி

முதல்ல அரசாங்கத்தோட பரிவாஹன் ஈ-சலான் சைட்டுக்கு போங்க, வண்டி நம்பரோட சேசிஸ் நம்பரோ இன்ஜின் நம்பரோ கேக்கும், ஆர்சி புக்க பக்கத்துல வெச்சுக்கோங்க. பெண்டிங் இருந்தா வரும், போட்டோ இருந்தா ஜூம் பண்ணி நம்பர் பிளேட்ட பாருங்க, 8-ஐ 3-னு படிச்சு வேற யாரோ ஹெல்மெட் போடாததுக்கு உங்க தலைல 1000 ரூபா விழுந்திருக்கலாம். சரியா இருந்தா அங்கயே ஆன்லைன்ல கட்டி ரசீத டவுன்லோட் பண்ணிடுங்க.

கட்டாம விட்டு கோர்ட்டுக்கு போயிருந்தா விர்ச்சுவல் கோர்ட் சைட்ல தேடணும், அங்க அபராதம் கட்டலாம், இல்ல கேஸ நடத்துறேன்னு சொன்னா ரெகுலர் கோர்ட்டுக்கு மாத்துவாங்க, அப்புறம் நேர்ல அலையணும், 500 ரூபாய்க்கு அது வேண்டாம்ங்கிறது என் கருத்து.

வாட்ஸ்அப்ல சலான்னு ஏபிகே ஃபைல் (போன்ல ஆப் இன்ஸ்டால் பண்ற ஃபைல்) வந்தா அது மோசடி, தொடவே தொடாதீங்க.