நோ-கோடா, லோ-கோடா: முதல் செயலிக்குத் தளம் தேர்ந்தெடுப்பது எப்படி?

வேளச்சேரியில் 20 லிட்டர் தண்ணீர் கேன் போடும் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நோட்டில் எழுதும் கணக்கைக் கைப்பேசிக்கு மாற்ற வேண்டும். கடைக்காரருக்கு நிரல் எழுதத் தெரியாது. நிரலே எழுதாமல் செயலி உருவாக்க உதவுவது நோ-கோட் தளம், கொஞ்சம் நிரலும் எழுத வேண்டியது லோ-கோட் தளம். இதில் எந்தத் தளம் சரி?

படி 1: தாளில் எழுதுங்கள்

தளங்களின் விளம்பரத்தைப் பார்ப்பதற்கு முன் இதை முடியுங்கள். யாருக்கு எத்தனை கேன் போனது, எத்தனை காலி கேன் திரும்பியது, பணம் வந்ததா என்று ஒரு நாள் வேலையை வரிசையாக எழுதுங்கள். அதன் கீழே, 'ஆனால்' வருகிற வரிகளைத் தனியாக எழுதுங்கள். டெபாசிட் 2 கேனுக்குத்தான், ஆனால் வீட்டில் 3 இருக்கிறது. மாதக் கணக்குதான், ஆனால் நடுவில் ஊருக்குப் போய்விட்டார். அடுக்ககத்துக்கு ஒரு விலை, ஆனால் மாடி ஏறினால் வேறு விலை.

உங்கள் தேர்வைத் தீர்மானிப்பவை இந்த 'ஆனால்' வரிகள்தான். திரையின் அழகு அல்ல.

படி 2: அட்டவணை

கூகுள் ஷீட்ஸில் வாடிக்கையாளர், விநியோகம், வரவு என மூன்று தாள்கள் போதும். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஓர் எண் கொடுத்து, மற்ற இரு தாள்களிலும் அந்த எண்ணையே எழுதுங்கள். பெயரை நம்பாதீர்கள், ஒரே தெருவில் இரண்டு லட்சுமி இருப்பார்கள்.

படி 3: நோ-கோடில் சோதனை

ஷீட்ஸின் 'எக்ஸ்டென்ஷன்ஸ்' மெனுவிலேயே கூகுளின் நோ-கோட் தளமான ஆப்ஷீட் இருக்கிறது. அங்கிருந்து செயலியை உருவாக்கச் சொன்னால், பட்டியலும் படிவமும் தானாக வந்துவிடும். சோதனைக்கு 10 பேர் வரை கட்டணமில்லை. சிக்னல் கிடைக்காத அடித்தள பார்க்கிங்கில் பதிந்தாலும், இணைப்பு வந்ததும் சேர்ந்துகொள்ளும். டெபாசிட்டை மீறிய கேன் கணக்கை ஒரு சூத்திரம் பார்த்துக்கொள்ளும். 'நிரல் வேண்டாம்' என்றாலும், எக்ஸெல் அளவுக்குச் சூத்திரம் பழகத்தான் வேண்டும்.

படி 4: எப்போது லோ-கோட்?

ஒரு சூத்திரத்துக்குள் இன்னொன்று, அதற்குள் மற்றொன்று என்று போய், நீங்கள் எழுதியதே உங்களுக்குப் புரியாமல் போகும்போது. விலை வேறுபாடு, ஊருக்குப் போன நாட்கள், பாக்கி எல்லாம் சேர்ந்து மாதக் கடைசியில் பில்லாக வர வேண்டுமென்றால், சில வரி நிரல் எழுதுவதே தெளிவான வழி. சென்னையில் வளர்ந்த ஜோஹோ நிறுவனத்தின் 'கிரியேட்டர்' என்ற லோ-கோட் தளம் 2006 முதல் இருக்கிறது. அதில் 'டெலூஜ்' என்ற எளிய மொழியில் இத்தகைய விதிகளை எழுதலாம். இதற்குத் தனியாக நேரம் ஒதுக்கிக் கற்க வேண்டும். அந்த நேரம் இல்லையென்றால், 'ஆனால்' வரிகளில் இரண்டை இப்போதைக்கு நோட்டிலேயே விட்டுவிட்டு நோ-கோடில் தொடங்குங்கள் என்பதே என் கருத்து.

படி 5: வெளியேறும் வழி

கூகுள் போன்ற நிறுவனமே தன் 'ஆப் மேக்கர்' தளத்தை 2021 ஜனவரியில் மூடிவிட்டது. தளம் மாறும்போது தரவை எடுத்துச் செல்லலாம். திரைகளையும் விதிகளையும் பெரும்பாலும் புதிதாகத்தான் செய்ய வேண்டும். ஆகவே பணம் கட்டுவதற்கு முன்பே தரவைச் சிஎஸ்வி கோப்பாக (எந்த அட்டவணைச் செயலியிலும் திறக்கக்கூடிய எளிய கோப்பு) இறக்கிப் பாருங்கள். எக்ஸெலில் நேரடியாகத் திறந்தால் தமிழ் எழுத்துகள் சிதைந்து தெரியலாம், பதற வேண்டாம். 'டேட்டா' மெனு வழியாக யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தைத் தேர்ந்தெடுத்துத் திறந்தால் சரியாகிவிடும்.