விமானத்தில் எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்? நீங்களே கணக்குப் போடலாம்

லண்டனில் காலை 11 மணிக்கு ஏறினால் நியூயார்க்கில் மதியம் 2 மணிக்கு இறங்கலாம் என்று டிக்கெட்டில் போட்டிருக்கும். மூன்று மணி நேரப் பயணம் என்று நினைத்துவிடாதீர்கள், உண்மையில் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர்க் கடிகாரம் காட்டும் நேரம். லண்டன் ஐந்து மணி நேரம் முன்னால் ஓடுகிறது, மேற்கே போகும்போது அந்த ஐந்தைக் கூட்ட வேண்டும், திரும்பி வரும்போது கழிக்க வேண்டும். மார்ச்சிலும் அக்டோபர் கடைசியிலும் கொஞ்ச நாள் மட்டும் இந்த வித்தியாசம் நான்கு மணி நேரமாகிவிடும், ஏனென்றால் இரண்டு நாடுகளும் கோடைகால நேரத்துக்கு (கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்தி வைப்பது) மாறுவதும் திரும்புவதும் ஒரே தேதியில் இல்லை. அந்த நாட்களில் பயணம் என்றால் தயவுசெய்து ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, டிக்கெட்டே கையில் இல்லாமல் எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் தூரம் வேண்டும். சுவரில் மாட்டிய வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளக்கவே கூடாது, துருவத்துக்குப் பக்கத்து இடங்களை அது இழுத்துப் பெரிதாக்கிக் காட்டும். வீட்டில் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்து இரண்டு ஊர்களுக்கும் நடுவே இறுக்கமாகப் பிடியுங்கள், அதுதான் மிகக் குறுகிய வழி. அதே நூலால் நிலநடுக்கோட்டையும் ஒரு சுற்று அளந்துகொள்ளுங்கள், அது ஏறத்தாழ 40,000 கி.மீ. நடுக்கோடு 100 செ.மீ. வந்து உங்கள் வழி 14 செ.மீ. வந்தால், தூரம் சுமார் 5,600 கி.மீ. லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் உண்மைத் தூரம் 5,540 கி.மீ. தான், ஒரு நூலுக்கு இவ்வளவு துல்லியம் கிடைப்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்! உருண்டை இல்லையென்றால் இணையத்தில் இரண்டு விமான நிலையங்களின் மூன்றெழுத்துக் குறியீட்டைக் கொடுத்தாலே போதும். தூரம் நாட்டிக்கல் மைலில் (கப்பல், விமானப் பயணங்களில் பயன்படுத்தும் அளவு) வந்தால் 1.852-ஆல் பெருக்குங்கள், கி.மீ. கிடைத்துவிடும்.

அப்புறம் நேரம். பெரிய ஜெட் விமானங்கள் உயரத்தில் மணிக்குச் சுமார் 900 கி.மீ. வேகத்தில் போகும். 5,540-ஐ 900-ஆல் வகுத்தால் ஆறு மணி பத்து நிமிடம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்குவது எல்லாவற்றுக்கும் சேர்த்து அரை மணியிலிருந்து முக்கால் மணி வரை கூட்டுங்கள்.

இதோடு நிறுத்திவிட்டால் கணக்கு தப்பும், காற்று இருக்கிறது. ஏறத்தாழ 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் ஸ்ட்ரீம் என்ற வேகமான காற்று வீசுகிறது, குளிர்காலத்தில் இன்னும் பலமாக. நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஏழு மணி நேரத்துக்குள் வந்துவிடும் விமானம், எதிர்த்திசையில் ஒரு மணி நேரம் கூடுதலாக எடுப்பது இதனால்தான். மேற்கே போகிறீர்கள் என்றால் தாராளமாகவே சேர்த்துக்கொள்ளுங்கள்.

நூல் காட்டும் வழியில் விமானம் போக முடியாத நிலையும் உண்டு. 2022-இல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமான நிறுவனங்களுக்கு மூடப்பட்ட பிறகு ஹெல்சின்கி–டோக்கியோ பயணம் சுமார் ஒன்பதரை மணி நேரத்திலிருந்து பதின்மூன்று மணி நேரம் வரை நீண்டுவிட்டது, ஊர்களுக்கு நடுவே உள்ள தூரம் ஒரு கிலோமீட்டர்கூட மாறவில்லை. அதனால் கணக்குப் போட்டதும் இன்று அந்த வழியில் பறக்கும் விமானத்தின் உண்மைப் பாதையை விமானக் கண்காணிப்புத் தளத்தில் ஒருமுறை பாருங்கள். நடுவில் விமானம் மாற வேண்டியிருந்தால் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாக இதே கணக்கைப் போட்டு, காத்திருக்கும் நேரத்தைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.