டெபியனில் 'டம்மி அவுட்புட்' மட்டும் காட்டுகிறதா? சத்தம் வரவைப்பது இப்படி

குடியாத்தத்தில் அக்கா வீட்டு லேப்டாப்பில் விண்டோஸைத் தூக்கிவிட்டு டெபியன் 11 என்ற லினக்ஸைப் போட்டுக் கொடுத்தேன். எல்லாம் ஓடியது, சத்தம் மட்டும் இல்லை. சவுண்ட் செட்டிங்ஸில் 'டம்மி அவுட்புட்' என்று ஒரே ஒரு வரி, அதாவது நிஜ சவுண்ட் கார்டு எதுவும் சிஸ்டத்துக்குக் கிடைக்கவில்லை. "நேத்து வரைக்கும் நல்லா பாடிச்சே, நீ இன்னாடா பண்ண?" என்றாள். இதைச் சரிசெய்ய வேலூரிலிருந்து இரண்டு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன்.

முதலில் டெர்மினலில் இந்தக் கட்டளையைத் தட்டுங்கள்: எல்எஸ்பிசிஐ, ஓர் இடைவெளி, ஹைஃபன் கே. ஆடியோ என்ற வரி வந்தால் கார்டு உயிரோடுதான் இருக்கிறது. டிரைவரைத் தேடிக் கம்பெனி சைட்டுக்குப் போகாதீர்கள், நான் போய் ஒரு மதியம் வீணானது. லினக்ஸில் சவுண்ட் டிரைவர் கெர்னல் என்ற மையப் பகுதிக்குள்ளேயே இருக்கிறது, 2.6 பதிப்பிலிருந்து ஆல்சா என்ற பெயரில். அந்த வரிக்குக் கீழே டிரைவர் பெயரில் எஸ்ஓஎஃப் (சவுண்ட் ஓபன் ஃபர்ம்வேர்) என்று இருந்தால், குறை பெரும்பாலும் ஃபர்ம்வேர்தான், அதாவது சிப்புக்குள் ஓடும் மென்பொருள். புதிய இன்டெல் லேப்டாப்களில் ஆடியோவுக்கென்று டிஎஸ்பி என்ற தனிச் செயலி இருக்கும், ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் அதற்கு ஒரு ஃபைலை ஊட்ட வேண்டும். டெபியன் 11-இன் வழக்கமான ஐஎஸ்ஓவில் (இன்ஸ்டால் செய்யும் ஃபைலில்) அது கிடையாது.

ஈடிசி ஃபோல்டரில் ஏபிடிக்குள் இருக்கும், பேக்கேஜ்கள் எங்கிருந்து வரும் என்று சொல்லும் சோர்சஸ் டாட் லிஸ்ட்டை நானோ எடிட்டரில் ரூட் உரிமையோடு திறங்கள். (இவ்வளவு சின்னத் திருத்தத்துக்கு விம் எதற்கு?) 'மெயின்' என்று முடியும் வரிகளில் இடைவெளி விட்டு 'கான்ட்ரிப்', அப்புறம் 'நான்-ஃப்ரீ' சேர்த்து, ஏபிடி அப்டேட் கொடுத்து, ஃபர்ம்வேர், எஸ்ஓஎஃப், சைன்டு மூன்றையும் ஹைஃபனால் கோத்த பேக்கேஜை இன்ஸ்டால் செய்து, ரீஸ்டார்ட்.

டம்மி போய்விட்டது, சத்தம் அப்போதும் வரவில்லை! நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். டெர்மினலில் சத்த அளவை மாற்றும் ஆல்சாமிக்சரைத் திறந்தால் ஒரே ஒரு கம்பம், அதுவும் நூறில் நிற்கிறது, பிறகென்ன குறை என்று அன்று ஊர் திரும்பிவிட்டேன். அந்தக் கம்பம் புரோகிராம்களுக்கும் கார்டுக்கும் நடுவில் நிற்கும் பல்ஸ்ஆடியோவுடையது, கார்டுடையது அல்ல. எஃப்6 அழுத்தி நிஜக் கார்டைத் தேர்ந்தெடுத்தால் மாஸ்டர், ஹெட்ஃபோன், ஸ்பீக்கர் என்று வரிசையாக வரும். ஸ்பீக்கருக்குக் கீழே 'எம்எம்' என்றிருந்தது. அப்படியென்றால் மியூட். அம்புக்குறியால் அங்கே போய் எம் தட்டினால் 'ஓஓ' ஆகிவிடும். பிறகு டெர்மினலில் ஸ்பீக்கர்-டெஸ்ட், ஓர் இடைவெளி, ஹைஃபன் சி, இடைவெளி, 2 கொடுங்கள். இடப்பக்கம் 'உஸ்ஸ்', வலப்பக்கம் 'உஸ்ஸ்' என்று மாறி மாறி வந்தது. அடுப்படியிலிருந்து அக்கா "கேஸ் லீக் ஆவுதாடா?" என்று ஓடி வந்தாள்.

பின்சேர்க்கை: 11-இலிருந்து 12-க்கு மாறியவர்கள் பேக்கேஜ் கிடைக்கவில்லை என்கிறார்கள். 12-இல் ஃபர்ம்வேரெல்லாம் 'நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்' என்ற புதுப் பிரிவுக்குப் போய்விட்டது. அதையும் அதே வரியில் சேர்த்து, மறுபடி அப்டேட் கொடுங்கள்.