டயட்டில் இருக்கும்போது தினசரி எடை ஏறி இறங்குவதைப் புரிந்துகொள்வது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை

உணவைக் கட்டுப்படுத்தி எடை குறைக்கத் தொடங்கியவர்களில் பலர் இரண்டாவது வாரத்தில் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: நேற்று முழுவதும் அளவாகத்தான் சாப்பிட்டேன், பிறகு எப்படி இன்று காலை 800 கிராம் கூடியிருக்கிறது? எடைக் கருவி காட்டும் எண், உடலில் உள்ள நீர், குடலில் இருக்கும் உணவு, கல்லீரலிலும் தசையிலும் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து, எலும்பு, தசை, கொழுப்பு ஆகிய எல்லாவற்றின் கூட்டுத்தொகை. இவற்றுள் நாம் குறைக்க விரும்பும் கொழுப்பு மிக மெதுவாக மாறுகிறது. நாம் பொருட்படுத்தாத நீர்தான் மிக வேகமாக மாறுகிறது.

இதைக் கணக்காகப் பார்த்தால் தெளிவாகும். ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி அடங்கியுள்ளதாகக் கொள்வது வழக்கம். உங்கள் தேவையைவிட நாள்தோறும் 500 கலோரி குறைவாகச் சாப்பிட்டால் ஒரு நாளில் கரையும் கொழுப்பு சுமார் 65 கிராம். வீடுகளில் உள்ள எடைக் கருவிகளில் பெரும்பாலானவை 100 கிராம் அல்லது 50 கிராம் படிகளில்தான் எடையைக் காட்டுகின்றன என்பதால், ஒரு நாளின் உண்மையான பலன் அதன் திரையில் தனித்துத் தெரிய வாய்ப்பே இல்லை. அதே நேரத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தவுடன் எடை 250 கிராம் கூடிவிடுகிறது. ஒரே இரவில் ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால் அன்றைய தேவைக்கு மேல் 7,700 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். கல்யாண வீட்டில் இரண்டாம் முறை பாயசம் வாங்கியவர்கூட அந்த அளவை எட்டுவது கடினம்.

முதல் படி: கருவியைச் சரிபார்த்தல்

எடைக் கருவியைப் பாய், மிதியடி, கம்பளம் ஆகியவற்றின் மீது வைக்காமல், டைல்ஸ் அல்லது சிமென்ட் தரையில் ஆடாத ஓர் இடத்தில் வைத்து, எப்போதும் அதே இடத்தில் பயன்படுத்துங்கள். சில டிஜிட்டல் கருவிகள் முந்தைய எடையை நினைவில் வைத்துக்கொண்டு, புதிய எடை அதற்கு மிக அருகில் இருந்தால் பழைய எண்ணையே திரும்பக் காட்டிவிடும். உங்கள் கருவி அப்படிச் செய்கிறதா என்று அறிய, ஒருமுறை ஏறி எடை பார்த்துவிட்டு, உடனே ஒரு தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு மீண்டும் ஏறுங்கள். அரை லிட்டர் பாட்டிலுக்கு அரைக் கிலோ கூட வேண்டும். மருந்துக்கடை, உடற்பயிற்சிக் கூடம், மருத்துவமனை என்று வெவ்வேறு இடங்களில் பார்த்த எடைகளை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டாம். (பழைய ரயில் நிலையக் கருவிகள் தந்த அட்டையில் எடையோடு அதிர்ஷ்டப் பலனும் அச்சாகியிருந்தது, இரண்டையும் ஒரே அளவுக்கு நம்பலாம்.) கொழுப்புச் சதவீதத்தையும் காட்டும் கருவிகள் உடலில் மிக மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தி அதை மதிப்பிடுகின்றன என்பதால், உடலில் நீர் மாறினால் அந்த எண்ணும் மாறும், தினசரி பார்ப்பதற்கு அது உதவாது.

இரண்டாம் படி: நேரத்தை நிலைப்படுத்துதல்

காலையில் எழுந்து, மலசலம் கழித்த பிறகு, காபியோ தண்ணீரோ குடிப்பதற்கு முன், இயன்ற அளவு குறைந்த உடையில் எடை பாருங்கள். இரவு முழுவதும் மூச்சிலும் தோல் வழியாகவும் நீர் வெளியேறிக்கொண்டே இருப்பதால், படுக்கும்போது இருந்ததைவிடக் காலையில் எடை குறைந்திருப்பது இயல்பு. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த சாந்தோரியோ என்ற இத்தாலிய மருத்துவர், தராசில் தொங்கவிட்ட நாற்காலியில் அமர்ந்து, தாம் உண்டதையும் குடித்ததையும் கழித்ததையும் பல ஆண்டுகள் நிறுத்துப் பார்த்து, உட்கொண்டதில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாமலே உடலைவிட்டுப் போகிறது என்று கண்டறிந்தார். கரையும் கொழுப்பும் பெரும்பாலும் அந்த வழியில்தான் போகிறது: 10 கிலோ கொழுப்பு முழுமையாக எரிந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் வெளியேறுகிறது, மீதி 1.6 கிலோ நீராகிறது. ஆகவே நன்றாக வியர்த்த நாளில் எடை இறங்குவதைக் கொழுப்புக் கரைந்ததற்கு அடையாளமாகக் கொள்ளக்கூடாது. தண்ணீர் குடித்ததும் அது திரும்பி வந்துவிடும்.

மூன்றாம் படி: எண்ணோடு ஒரு குறிப்பும் எழுதுதல்

ஒரு நோட்டில் தேதி, எடை, குறிப்பு என மூன்று பத்திகள் போதும். குறிப்பில் முந்தைய நாளைப் பற்றி ஓரிரு சொற்கள் எழுதுங்கள்: ஓட்டல் சாப்பாடு, கருவாட்டுக் குழம்பு, புதிய உடற்பயிற்சி, மலச்சிக்கல், இரவுப் பயணம், மாதவிடாய் நெருங்குகிறது என்பதுபோல. எண்ணை மட்டும் எழுதிவைப்பவர்கள் ஒரு மாதம் கழித்து அதைப் புரட்டிப் பார்த்து எதையும் கற்றுக்கொள்வதில்லை என்பதால், என் கருத்தில் இந்த மூன்றாவது பத்தியே முக்கியமானது.

நான்காம் படி: குறிப்பைக் கொண்டு ஏற்றத்தைப் படித்தல்

உப்பை முதலில் பாருங்கள். உடல் தன் திரவங்களில் உப்பின் அடர்த்தியை ஏறக்குறைய ஒரே நிலையில் வைத்துக்கொள்கிறது. மருத்துவமனையில் ஏற்றும் உப்புநீரில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருப்பதை நினைத்தால் அளவு விளங்கும். வழக்கத்தைவிட 4, 5 கிராம் உப்பு கூடுதலாக உள்ளே போனால், சிறுநீரகம் அதை வெளியேற்றி முடிக்கும் வரை அரை லிட்டர் அளவுக்கு நீர் தங்கக்கூடும். ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு ஆகியவை சேர்ந்த ஒரு சாப்பாட்டுக்கு மறுநாள் ஏறும் எடையில் பெரும்பகுதி இதுவே. உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பையே பரிந்துரைக்கிறது என்பதால் உப்பைக் குறைப்பது நல்லதுதான். ஆனால் அதனால் இறங்கும் எடை நீரே.

அடுத்தது மாவுச்சத்து. சோறு, இட்லி, சப்பாத்தி போன்றவற்றிலிருந்து கிடைக்கும் சர்க்கரையின் ஒரு பகுதி கிளைகோஜனாகக் கல்லீரலில் சுமார் 100 கிராமும் தசைகளில் சுமார் 400 கிராமும் சேமிக்கப்படுகிறது. ஒவ்வொரு கிராமுடனும் ஏறக்குறைய 3 கிராம் நீர் சேர்ந்திருக்கும். மொத்தமாகக் கணக்கிட்டால் இதுவே இரண்டு கிலோ வரை வருகிறது. பேலியோ போன்ற குறைமாவு உணவுமுறைக்கு மாறியவர்கள் முதல் வாரத்தில் இரண்டு, மூன்று கிலோ குறைந்ததாகச் சொல்வது பொய்யில்லை, ஆனால் அதில் பெரும்பகுதி இந்தச் சேமிப்பும் அதைச் சார்ந்த நீருமே. பொங்கலுக்கு ஊருக்குப் போய் இரண்டு நாள் சோறும் சர்க்கரைப் பொங்கலும் சாப்பிட்டதும் அது திரும்பி வருவதற்கும் காரணம் இதுதான். விரதம் கெட்டது போல வருந்த வேண்டியதில்லை.

பழக்கமில்லாத உடற்பயிற்சியைத் தொடங்கினால் தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய காயங்களைச் சரிசெய்ய அங்கே நீர் சேர்வதால், உடல் வலி இருக்கும் நாள்களில் எடை சற்று ஏறலாம். மாதவிடாய்க்கு முந்தைய நாள்களில் பல பெண்களுக்கு நீர் தங்கி எடை கூடி, அது தொடங்கிய பிறகு இறங்கும். மலச்சிக்கலைத் தனியாக விளக்கத் தேவையில்லை.

இந்தக் காரணங்களை அறியாமல் விடுவதில் உள்ள தீங்கு, மனவருத்தத்தோடு முடிவதில்லை. காலையில் எடை ஏறியதைப் பார்த்தவர் முந்தைய நாள் சாப்பிட்ட வாழைப்பழத்தைக் குற்றவாளியாக்கி அதை நிறுத்துகிறார். நீர் தானாக வடிந்து இரண்டு நாளில் எடை இறங்கும்போது, பழத்தை நிறுத்தியதுதான் பலன் தந்தது என்று உறுதியாக நம்பிவிடுகிறார். இப்படியே தயிர், பருப்பு, இரவு உணவு என ஒவ்வொன்றாக நீக்கப்பட்டு, பின்பற்ற முடியாத ஓர் உணவுமுறை உருவாகிறது.

ஐந்தாம் படி: வாரச் சராசரியைக் கணக்கிடுதல்

எடுத்துக்காட்டாக, வெள்ளிக்கிழமை இரவு வெளியே சாப்பிடும் ஒருவரின் முதல் வார எடைகள், திங்கள் முதல் ஞாயிறு வரை, 78.4, 78.1, 78.6, 77.9, 77.8, 79.0, 78.6 கிலோ என்று கொள்வோம். கூட்டினால் 548.4, ஏழால் வகுத்தால் சராசரி 78.34 கிலோ. இரண்டாம் வாரம் 78.2, 77.7, 77.6, 77.9, 77.3, 78.5, 78.0, கூட்டுத்தொகை 545.2, சராசரி 77.89. முதல் வார வெள்ளியையும் இரண்டாம் வார ஞாயிற்றையும் மட்டும் பார்த்தால் ஒன்பது நாளில் 200 கிராம் கூடியதாகத் தோன்றும். சராசரியோ வாரத்தில் சுமார் 450 கிராம் குறைந்ததைக் காட்டுகிறது, நாள்தோறும் 500 கலோரி குறைத்தால் எதிர்பார்க்க வேண்டிய அளவும் அதுவே. ஓரிரு நாள் எடை பார்க்கத் தவறினால், இருக்கும் எண்களைக் கூட்டி அத்தனை நாள்களால் வகுத்தால் போதும்.

மாதவிடாய்ச் சுழற்சி உள்ள பெண்கள் அடுத்தடுத்த வாரங்களை ஒப்பிடுவதைவிட, இந்தச் சுழற்சியின் முதல் வாரச் சராசரியை முந்தைய சுழற்சியின் முதல் வாரச் சராசரியோடு ஒப்பிடுவது சரியான முறை. மாதம் ஒருமுறை, தொப்புள் மட்டத்தில் இடுப்பைச் சுற்றி நாடாவால் அளந்து எழுதிக்கொள்வது யாருக்கும் உதவும்.

இச்செய்முறை பொருந்தாதவர்கள்

இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்களுக்கு எடை ஏற்றம் வேறு பொருள் கொண்டது. இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் கூடினாலோ, கால் வீக்கமும் மூச்சுத்திணறலும் தோன்றினாலோ, சராசரி போட்டுக்கொண்டிராமல் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். கர்ப்பிணிகளும், சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் உணவைக் குறைக்கக்கூடாது. காலை எண் அன்றைய சாப்பாட்டையே வேண்டாம் என்று தள்ளவைக்கும் அளவுக்கு மனத்தை அலைக்கழிக்கிறது என்றால், தினசரி எடை பார்ப்பதை விட்டுவிட்டு இடுப்பளவை மட்டும் பாருங்கள்.

ஆறாம் படி: திட்டத்தை எப்போது மாற்றுவது

நான்கு வாரச் சராசரிகள் அசையாமல் நின்றால் மட்டுமே உணவில் கை வையுங்கள். அப்போதும் முதலில் சந்தேகிக்க வேண்டியது அளவுகளை: தாளிக்கும் எண்ணெயை ஒரு வாரம் கரண்டியால் அளந்து ஊற்றுங்கள், ஏனெனில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறக்குறைய 120 கலோரி உள்ளது, காபி, டீயில் சேரும் சர்க்கரையையும் மாலை நேர மிக்சரையும் கணக்கில் சேருங்கள். அதன்பின் ஒரே ஒரு மாற்றத்தைச் செய்து, எதை மாற்றினீர்கள் என்பதை மூன்றாம் பத்தியில் எழுதிவிட்டு, இன்னொன்றைத் தொடுவதற்கு முன் மேலும் நான்கு வாரம் பொறுங்கள்.