பிசிஓஎஸ் என்று சொல்லிவிட்டார்களா? எங்கிருந்து தொடங்குவது?

பிசிஓஎஸ் (PCOS) என்பது ஹார்மோன் கோளாறால் சினைப்பையில் முட்டை சரியாக வளராமல், மாதவிடாய் ஒழுங்கு தவறும் நிலை. ஸ்கேன் ரிப்போர்ட்டில் சினைப்பையில் நீர்க்கட்டி என்று இருந்தால் போதும், "குழந்தை பிறக்குமா?" என்று பதினாறு வயதுப் பெண்ணின் எதிரிலேயே பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். அந்தப் பேச்சை முதலில் நிறுத்துங்கள். ஸ்கேனை மட்டும் வைத்து பிசிஓஎஸ் என்று முடிவுசெய்யக் கூடாது.

படி 1: தேதி குறியுங்கள்

காலண்டரோ போனோ, மாதவிடாய் தொடங்கும் நாளைக் குறித்து வாருங்கள். ஒரு தொடக்கத்திலிருந்து அடுத்த தொடக்கம் வரை 21 முதல் 35 நாள் இருந்தால் இயல்பு. 35 நாளைத் தாண்டிக்கொண்டே இருந்தாலோ, வருடத்துக்கு 8 தடவைகூட வராவிட்டாலோ கவனிக்க வேண்டும். வயதுக்கு வந்த முதல் வருடம் முன்பின்னாக வருவது சகஜம். அடுத்த இரண்டு வருடங்களில் 45 நாள் வரை போகலாம்.

மூன்று மாதம் வரவே இல்லையா? கர்ப்பமில்லை என்று உறுதிசெய்துகொண்டு மருத்துவரைப் பாருங்கள். வருடக்கணக்கில் இப்படியே விட்டால் கருப்பையின் உட்சவ்வு தடித்து, புற்றுநோய் ஆபத்து கூடும். "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்று காத்திருப்பதில் எனக்கு உடன்பாடே இல்லை.

படி 2: உடம்பைக் கவனியுங்கள்

முகவாயில் முரட்டு முடி, அடங்காத பரு, உச்சந்தலையில் முடி குறைவது: இவை ஆண்ட்ரோஜன் (ஆண்களுக்கு அதிகமாகவும் பெண்களுக்குக் கொஞ்சமாகவும் சுரக்கும் ஹார்மோன்) கூடியதன் அடையாளங்கள். கழுத்தின் பின்பக்கம் கறுத்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது அழுக்கு என்று பிள்ளையைத் திட்டித் தேய்க்கிறவர்கள் உண்டு, பாவம். உடம்பு இன்சுலினுக்குச் சரியாக அசைந்து கொடுக்காதபோது கணையம் கூடுதலாகச் சுரக்கிறது. அந்த உபரி இன்சுலின்தான் தோலைக் கறுக்க வைக்கிறது. அதுவே சினைப்பையைத் தூண்டி ஆண்ட்ரோஜனையும் கூட்டுகிறது. முட்டைகள் பாதி வளர்ச்சியில் நின்றுவிடுகின்றன. ஸ்கேனில் தெரிவது அந்த முட்டைகள் இருக்கும் சின்னப் பைகள்தான். ஆபரேஷன் செய்து எடுக்க வேண்டிய கட்டிகள் இல்லை.

படி 3: சரியான சோதனைகள்

ஒழுங்கற்ற மாதவிடாய், ஆண்ட்ரோஜன் மிகுதி, ஸ்கேன் அடையாளம். பெரியவர்களுக்கு இந்த மூன்றில் இரண்டு இருக்க வேண்டும். வளரும் பெண்களுக்கு முதல் இரண்டுமே இருக்க வேண்டும். வயதுக்கு வந்து 8 வருடம் ஆகாதவர்களுக்கு ஸ்கேனை வைத்து முடிவெடுக்கக் கூடாது. தைராய்டு கோளாறும், பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோனின் கோளாறும் இதே தொல்லையைத் தருவதால் அந்த ரத்தப் பரிசோதனைகளும் அவசியம். கூடவே 75 கிராம் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் சர்க்கரைச் சோதனை, கொழுப்பு, ரத்த அழுத்தம்.

படி 4: தட்டும் நடையும்

இதற்கென்று தனி டயட் எதுவும் நிரூபிக்கப்படவில்லை. சோற்றை அறவே விட வேண்டாம். அளவைக் குறைத்து, அந்த இடத்தில் காய், சுண்டல், முட்டை, மீன் வையுங்கள். டீயில் சர்க்கரையைக் குறையுங்கள். வாரத்துக்கு 150 நிமிடமாவது வேக நடை, இரண்டு நாள் தசைக்கான பயிற்சி. எடை கூடியிருந்தால் மொத்த எடையில் 5 சதவீதம் குறைந்தாலே பலருக்கு மாதவிடாய் சீராகிறது. ஒல்லியானவர்களுக்கும் பிசிஓஎஸ் வரும். அதனால் "உடம்பைக் குறை" என்று சொல்வது மட்டும் வைத்தியம் ஆகாது.

படி 5: மருந்து

எது தொல்லையோ அதற்கேற்ப மருந்து மாறும். மாதவிடாயைச் சீராக்கவும் முடி வளர்ச்சியைக் குறைக்கவும் ஹார்மோன் மாத்திரை. முடி விஷயத்தில் பலன் தெரிய ஆறு மாதமாவது ஆகும், அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள். இன்சுலின் சிக்கலுக்கு மெட்ஃபார்மின். சாப்பாட்டோடு எடுத்தால் வயிற்றுத் தொல்லை குறையும். குழந்தை வேண்டுமென்றால், வேறு காரணம் எதுவும் இல்லாதபோது, முட்டை வெளிவரப் பெரும்பாலும் முதலில் தருவது லெட்ரோசோல். எல்லாமே மருத்துவர் சொல்லி எடுக்க வேண்டியவை.

மனச்சோர்வு, பதற்றம் இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு இவை அதிகம், சிகிச்சையும் உண்டு. அப்புறம், இப்போதைக்குக் குழந்தை வேண்டாம் என்பவர்கள் கருத்தடையை விட்டுவிடாதீர்கள். முட்டை எந்த மாதம் வெளிவரும் என்று கணிக்க முடியாது.